தொடர்ச்சியா, திரும்பி வருதலா? அந்தலூசியாவின் குகை ஓவியங்களும் சிற்பங்களும்

1. கேள்வி

தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவைப் பற்றிய பொதுவான கலை எழுத்துகளில் ஒரு கதை அடிக்கடி தென்படுகிறது. அர்தாலெஸ் குகையின் செங்காவிக் கறைகளில் அது தொடங்கும். லா பிலேத்தாவின் குதிரைகள், அந்தெகேராவின் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், போர்க்கூனாவின் போர்வீரர் சிலைகள், பாஸாவின் சீமாட்டி என்று படிப்படியாக நகர்ந்து, மாலகாவில் பிறந்த பிக்காஸோவிடம் வந்து சேரும். ஒரே மண், ஒரே மக்கள், அறுபடாத ஒரே மரபு என்பது அதன் உட்பொருள். ஒரு வட்டாரத்தின் பெருமையைச் சொல்ல இதைவிட வசதியான வடிவம் இல்லை. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் காலக்கணிப்பும் தொல் மரபணு ஆய்வும் அகழாய்வும் தந்திருக்கும் சான்றுகளை இந்தக் கதைக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அது பல இடங்களில் பிரிந்துவிடுகிறது.

கதை பிரிந்துவிடுவதால் சொல்ல ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. அந்தலூசியாவில் மரபு அறுபடாமல் தொடர்ந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் சில இடங்களுக்கு மனிதர் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதற்குச் சான்று உண்டு. முந்தியவர் விட்டுச்சென்ற தடத்தை, அவர் யாரென்றே அறியாத பிந்தியவர் கண்டுகொண்டார், தம் பங்கை அதன் அருகில் சேர்த்தார், சில வேளை அதை உடைத்தார், உடைத்ததைப் புதைக்கவும் செய்தார். இதை மரபு என்று சொல்வதைவிட இடத்தின் ஈர்ப்பு என்று சொல்வதே பொருத்தம். இந்த வாதத்துக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒரே குகையில் இரண்டு காலத்துத் தடங்கள் இருப்பது மட்டும் எதையும் நிறுவிவிடாது. மழைக்கு ஒதுங்க, ஆடு அடைக்க, பிணம் புதைக்க எல்லாக் காலத்தவரும் குகையைத் தேடித்தான் போவார்கள். பிந்தியவர் முந்தியதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்பது தெரிய வேண்டும். வசதி என்ற எளிய விளக்கம் போதாமல் போக வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு சான்றையும் இந்த இரண்டு அளவுகோல்களால் அளந்துதான் ஏற்கவோ தள்ளவோ முடியும்.

2. அர்தாலெஸ்: கறையின் வயது

மாலகா மாகாணத்து அர்தாலெஸ் குகையின் வாயில் 1821இல் ஒரு நிலநடுக்கத்தால் வெளிப்பட்டது. அந்த நூற்றாண்டிலேயே திரினிதாத் குருண்ட் என்ற சீமாட்டி அதைத் தம் உடைமையாக்கிக்கொண்டு பார்வையாளருக்குத் திறந்துவிட்டார். ஆனால் சுவர்களில் பழைய கற்கால ஓவியங்கள் இருப்பதை 1918இல் அங்கே வந்த பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி ப்ரூய்ல்தான் உணர்ந்து சொன்னார். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைவுகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. பெண்மான்கள், குதிரைகள், கைத்தடங்கள், கோடுகள், புள்ளிகள் எனப் பலவகை. இவற்றில் உலகின் கவனத்தை ஈர்த்தது உருவம் எதுவும் இல்லாத ஒரு தொகுதி: விண்மீன் கூடம் என்று பெயரிட்டிருக்கும் உள்ளறையில், திரைச்சீலை மடிப்புகள் போலக் கீழிறங்கும் ஒரு பெரிய சுண்ணப்படிவின் குழிவுகளில் படிந்திருக்கும் சிவப்புக் கறைகள்.

2018இல் 'சயின்ஸ்' இதழில் டிர்க் ஹோஃப்மன் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, அந்தக் கறைகளில் ஒன்றின் மேல் படர்ந்த சுண்ணப் படலத்துக்குக் குறைந்தது 65,500 ஆண்டுகள் என்று கணித்தது. நீரில் கரையும் யுரேனியம் சுண்ணப்படிவில் சேர்ந்துவிடும். தோரியம் நீரில் கரையாது என்பதால் படிவு உருவாகும்போது அதில் அநேகமாக இருக்காது. பிறகு யுரேனியம் சிதைந்து தோரியம் பெருகும். இரண்டுக்கும் உள்ள விகிதம் படிவின் வயதைச் சொல்லும். படலம் கறைக்கு மேலே இருப்பதால் கறை அதைவிடப் பழையது. நவீன மனிதர் ஐபீரியத் தீபகற்பத்துக்கு வந்தது ஏறத்தாழ 43,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று வைத்துக்கொண்டால், இந்தக் கறையைப் பூசியவர்கள் நியாண்டர்தால் மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும். அதே கட்டுரை காஸெரெஸின் மல்த்ராவியெஸோ குகைக்கும் வடக்கில் உள்ள லா பஸியேகா குகைக்கும் இதே அளவு பழைமையைச் சொன்னது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. அதில் இரண்டு வாதங்கள் கனமானவை. படலத்தின் ஊடாகப் பிற்காலத்தில் நீர் ஓடியிருந்தால் யுரேனியம் கரைந்து வெளியேறியிருக்கும். அப்போது படலம் உண்மையைவிடப் பழையதாகத் தோன்றும் என்பது முதல் வாதம். சிவப்பு நிறம் பாறையிலேயே இயற்கையாக ஊறிய இரும்பு ஆக்சைடாக இருக்கலாம், மனிதக் கை அதில் படவே இல்லை என்பது இரண்டாவது. ராண்டல் வைட் முதலான பல ஆய்வாளர்கள் 2020இல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, நியாண்டர்தால் மனிதர் ஐபீரியக் குகைகளில் வரைந்தார்கள் என்பதற்கு இன்னும் தொல்லியல் சான்று இல்லை என்றே தீர்ப்புச் சொன்னது. இரண்டாவது வாதத்துக்கு 2021இல் விடை வந்தது. அஃப்ரிக்கா மார்த்தி குழுவினர் அந்தக் கறைகளிலிருந்து நுண்ணிய மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். காவியின் கூறுகள் குகைக்குள் கிடைக்கும் இரும்புப் படிவுகளோடு ஒத்துப்போகவில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். சில இடங்களில் அது தெளித்தோ ஊதியோ பூசப்பட்டிருக்கிறது. மாதிரிக்கு மாதிரி காவியின் அமைப்பும் வேறுபடுகிறது. குறைந்தது இரண்டு தனித்தனிக் காலங்களில் பூச்சு நடந்திருக்கிறது. ஒன்று 65,500 ஆண்டுகளுக்கு முன்பு அல்லது அதற்கும் முந்தி. மற்றொன்று 48,700க்கும் 45,300க்கும் இடையில்.

முதல் வாதம் முழுமையாக அடங்கிவிடவில்லை. ஒரே படலத்தை அடுக்கடுக்காகச் சுரண்டி, கறையை நெருங்க நெருங்க வயது கூடுகிறதா என்று ஹோஃப்மன் குழு சோதித்தது. யுரேனியம் தாறுமாறாகக் கசிந்திருந்தால் அந்த ஒழுங்கு குலைந்திருக்கும் என்பது அவர்கள் பதில். இது வலுவான பதில் என்றே தோன்றுகிறது. ஆனால் ஒரு மாகாணத்தின் முழு வரலாற்றையும் ஒரு படலத்தின் மீது ஏற்றிவைப்பது யாருக்கும் நல்லதல்ல. இந்தக் கட்டுரையின் வாதம் அந்த எண்ணைச் சார்ந்து நிற்கவும் இல்லை. காலக்கணிப்பு தவறென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வெவ்வேறு காவிகளை வெளியிலிருந்து சுமந்து வந்து, வெளிச்சம் புகாத ஓர் உள்ளறையில், ஒரே படிவின் மடிப்புகளில், வெவ்வேறு காலங்களில் பூசியிருக்கிறார்கள் என்ற செய்தி அப்படியே நிற்கிறது. காலக்கணிப்பு சரியென்றால், அந்தப் பூச்சுகளுக்கு இடையே பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் உள்ளன. எந்த வாய்மொழியும் அவ்வளவு தூரம் தாங்காது. இரண்டாவதாக வந்தவரை அங்கே நிறுத்தியது அந்தப் படிவின் வடிவமா, அதில் ஏற்கெனவே இருந்த சிவப்பா என்பதை நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே நம் அளவுகோலின்படி அர்தாலெஸ் ஓர் அரைச் சான்று. திரும்பி வந்தார்கள் என்பது தெரிகிறது. முந்தியதைக் கண்டுதான் பூசினார்கள் என்பது நிறுவப்படவில்லை.

3. மாறிய மக்கள்

அறுபடாத மரபு என்ற கதைக்கு மிகக் கடுமையான சோதனை தொல் மரபணு ஆய்விலிருந்து வந்தது. ஆனால் அதன் முதல் முடிவு கதைக்குச் சாதகமானது. அதை மறைக்கக் கூடாது. கிரனாதா மாகாணத்து மலால்முயெர்ஸோ குகையில் கிடைத்த, ஏறத்தாழ 23,000 ஆண்டுப் பழைமையான ஒரு மனிதரின் மரபணு 2023இல் வெளியிடப்பட்டது. அவருடைய வழி, பெல்ஜியத்தின் கோயே குகையில் கிடைத்த 35,000 ஆண்டுப் பழைய மனிதரின் வழியோடு தொடர்புள்ளது. பனி உச்சத்தில் இருந்த காலத்தில் வடக்கே மக்கள் அழிந்தோ இடம்பெயர்ந்தோ போக, தெற்கு ஐபீரியா அவர்களுக்குப் புகலிடமாக இருந்திருக்கிறது. ஆகவே பழைய கற்காலத்துக்குள், லா பிலேத்தாவின் விலங்குகளை வரைந்த சொலூத்ரியன் காலத்தவருக்கும் அவர்களுக்கு முந்தியவருக்கும் இடையே உண்மையான இரத்தத் தொடர்ச்சி இருந்திருக்கக்கூடும்.

அதற்குப் பிந்திய கதை வேறு. பொ.ஆ.மு. 6ஆம் ஆயிரத்தாண்டின் நடுவில், அனத்தோலியாவில் வேர்கொண்ட வேளாண் மக்கள் மத்தியதரைக் கடலோரமாக வந்து சேர்ந்தார்கள். வேட்டையாடிகளின் வழி அவர்களுக்குள் ஒரு சிறு பங்காகக் கரைந்தது. பொ.ஆ.மு. 2000 அளவில் இன்னொரு பெரும் மாற்றம். இனிகோ ஒலால்தே குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐபீரிய மக்களின் மரபு வழியில் ஏறத்தாழ 40 விழுக்காடும், ஆண்வழியில் கிட்டத்தட்ட முழுமையும் புல்வெளி நிலங்களிலிருந்து வந்தவர்களின் வழியால் மாற்றப்பட்டன. பிறகு பினீசியர், கிரேக்கர், கார்த்தேஜியர், ரோமர், வட ஆப்பிரிக்கர் என வந்தவர்களின் வரிசை நீளமானது. அர்தாலெஸில் வரைந்தவருக்கும் போர்க்கூனாவில் கல் செதுக்கியவருக்கும் இடையே மக்கள் திரள் ஒரு முறைக்கு மேல் மாறியிருக்கிறது.

மரபணு வேறு, பண்பாடு வேறு என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. வந்தவர் இருந்தவரிடம் கற்றுக்கொள்ளலாம். இரத்தம் மாறியும் கலை தொடரலாம். அதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டே அந்தலூசியாவில் இருக்கிறது. கிரனாதாவின் அல்புஞ்ஞோல் அருகே உள்ள வௌவால் குகையில் 19ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்ட எஸ்பார்த்தோ புல் கூடைகளில் சில ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழைமையானவை என்று 2023இல் தெரிந்தது. அதாவது வேளாண்மை வருமுன் வேட்டையாடிகள் பின்னியவை. அதே குகையில் புதிய கற்காலத்து வேளாண் மக்களின் புல் செருப்புகளும் கிடைத்திருக்கின்றன. கைவினையறிவு கைமாறியிருக்கலாம் என்பதற்கு இது இடம் தருகிறது. புல் மாறவில்லை, அதன் நெகிழ்வும் மாறவில்லை. பின்னலின் அடிப்படையில் பாதியைப் புல்லே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஓவியத்தில் இந்தக் கைமாற்றம் தெரியவில்லை. பழைய கற்கால ஓவியர் விலங்கின் வயிற்று வளைவையும் கழுத்தின் திருப்பத்தையும் கவனித்து வரைந்தவர். அல்மெரியா மாகாணத்து வேலெஸ் பிளாங்கோவின் லெத்ரேரோஸ் குகையில் காணப்படுவது போன்ற குறியீட்டு ஓவியம் புதிய கற்காலத்தையும் செப்புக்காலத்தையும் சேர்ந்தது. அங்கே மனிதன் ஒரு செங்குத்துக் கோடு, கை இரண்டு வளைவுகள், கண் ஒரு வட்டம். ஒன்றிலிருந்து மற்றொன்று படிப்படியாக வளர்ந்தது என்று காட்டும் இடைநிலை வரிசை தெற்கு அந்தலூசியாவில் இல்லை. நடுவே இருப்பது சில ஆயிரம் ஆண்டுகளின் இடைவெளி.

4. ஒரே கூடம், இரு காலம்

1905இல் பெனாவோஹான் கிராமத்து உழவர் ஹோஸே புல்யோன் லொபாத்தோ, வயலுக்கு உரமாக வௌவால் எச்சம் தேடி மலைச்சரிவில் ஒரு பிளவுக்குள் இறங்கினார். லா பிலேத்தா குகை வெளியுலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். பிரித்தானியக் கர்னல் வில்லபி வெர்னர் அதைப் பற்றி எழுத, 1912இல் ப்ரூய்லும் ஹுகோ ஒபர்மையரும் வந்து ஆராய்ந்தார்கள். 1915இல் அவர்களுடைய நூல் வெளிவந்தது. 1924இல் அது தேசிய நினைவுச்சின்னமானது. புல்யோன் குடும்பத்தார் இன்றும் அந்தக் குகையைக் காத்துவருகிறார்கள். சினைக்குதிரை என்று பெயர்பெற்ற ஓவியமும், கருங்கோட்டில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு வரையப்பட்ட மீனும் இதன் புகழ்பெற்ற உருவங்கள். அதே கூடங்களில், அவற்றுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிந்திய கரிய குறியீடுகளும் இருக்கின்றன. சீப்பு போன்ற கோட்டு வரிசைகள், கிளைவிட்ட கோடுகள், குச்சி மனிதர்கள். புதிய கற்காலப் பானை ஓடுகளும் மனித எலும்புகளும் அங்கே கிடைத்தன.

இதை நம் அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். பிணம் புதைக்க வந்தவர் உள்ளே நடந்தார், நடந்தவர் சுவரில் கோடு போட்டார் என்ற எளிய விளக்கம் பானை ஓடுகளுக்கும் எலும்புகளுக்கும் போதும். கரிய குறியீடுகளுக்கு அது முழுதும் போதாது. அந்தப் பகுதியின் குறியீட்டு ஓவியங்கள் பெரும்பாலும் திறந்த பாறை ஒதுக்கங்களில், பகல் வெளிச்சம் படும் இடங்களில்தான் உள்ளன; லெத்ரேரோஸும் அத்தகையது. காதிஸ் மாகாணத்தில் பறவை ஓவியங்களுக்குப் பேர்போன தாஹோ தெ லாஸ் பிகூராஸும் அப்படியே. ஆனால் லா பிலேத்தாவில் அவர்கள் தம் வழக்கத்துக்கு மாறாக இருளுக்குள் போய், பந்த வெளிச்சத்தில் வரைந்திருக்கிறார்கள். இந்த விலகலுக்கு ஒரு காரணம் வேண்டும். சுவரில் ஏற்கெனவே உருவங்கள் இருந்தது அந்தக் காரணம் என்று கொள்வது நியாயம். அது ஒரே காரணம் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

மாலகாக் கடலோரத்து நேர்ஹா குகை இதே கேள்விக்கு இன்னொரு வகைச் சான்று தருகிறது. 1959 ஜனவரி 12 அன்று உள்ளூர் இளைஞர் ஐவர் கண்டுபிடித்த குகை அது. ஒரு கல்விழுதின் மீதுள்ள உருவங்களைக் கடல்நாய்கள் என்று சிலர் படிக்க, அருகில் கிடைத்த கரியின் வயதை வைத்து 2012இல் அவற்றுக்கு 42,000 ஆண்டுகளுக்கு மேல் பழைமை சொல்லப்பட்டது. கரியின் வயது ஓவியத்தின் வயது ஆகாது என்ற மறுப்பு சரியானதே. அதைவிட உறுதியானது, 2023இல் மரியாங்கெலெஸ் மெதினா அல்கைதே குழுவினர் செய்த வேலை. பந்தங்களின் கரித்துகளும், கல்முளைகளின் படிவு அடுக்குகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட புகைக்கரியும் அவர்களுக்குச் சான்றாயின. புகை படியும், மேலே சுண்ணம் மூடும், மீண்டும் யாரோ வருவார், மீண்டும் புகை படியும். குறுக்கே வெட்டிய கல்முளையில் இந்த வருகைகள் கருங்கோடுகளாகத் தெரிகின்றன. முதல் வருகை ஏறத்தாழ 41,000 ஆண்டுகளுக்கு முந்தியது. வரலாற்றுக்கு முந்திய காலத்தின் இறுதிவரை, ஏறத்தாழ 35,000 ஆண்டுகளுக்கு வருகைகள் விட்டுவிட்டு நீடித்திருக்கின்றன. தொடர்ச்சி என்று கதைகள் சொல்வதன் உண்மையான உருவம் இந்தக் கருங்கோடுகளில் இருக்கிறது என்பது என் கருத்து. கோடுகளுக்கு நடுவே வெள்ளைச் சுண்ணமும் இருக்கிறது. யாரும் வராத நீண்ட காலங்கள் அவை.

5. மெங்கா நோக்கும் திசை

அந்தெகேரா சமவெளியில் வாதம் வலுவான நிலத்துக்கு வருகிறது. பொ.ஆ.மு. 3800க்கும் 3600க்கும் இடையே எழுந்த மெங்கா என்ற பெருங்கல் ஈமச்சின்னம், 2016இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த தொகுதியின் பகுதி. அதன் மூடுகற்களில் மிகப் பெரியது ஏறத்தாழ 150 டன் எடையுள்ளது. 2024இல் வெளியான பொறியியல் நோக்கிலான ஓர் ஆய்வு, 32 பெருங்கற்களின் மொத்த எடையை ஏறத்தாழ 1,140 டன் என்று கணித்தது. கற்களின் சாய்வு, பொருத்து முகங்கள், அடித்தளக் குழிகள் எல்லாம் முன்திட்டத்தோடு செய்யப்பட்டவை என்றும் அது காட்டியது. எனவே இதன் திசை தற்செயலாக அமைந்தது என்று சொல்ல இடமில்லை.

அந்தத் திசைதான் விசித்திரம். ஐபீரியாவின் பெருங்கல் ஈமச்சின்னங்களில் மிகப் பெரும்பாலானவை ஆண்டின் ஏதேனும் ஒரு நாளில் ஞாயிறு எழும் திசைக்குள் வாயில் வைத்தவை. மைக்கேல் ஹோஸ்கின் நூற்றுக்கணக்கில் அளந்து நிறுவியது இது. மெங்காவுக்கு அடுத்திருக்கும் வியேராவும் ஞாயிற்றை நோக்கியதே. மெங்காவின் அச்சு வடகிழக்கில், கோடை நெடும்பகலில் ஞாயிறு எழும் புள்ளிக்கும் வடக்கே விலகி, சமவெளியில் தனித்து நிற்கும் காதலர் பாறை என்ற மலையைப் பார்க்கிறது. படுத்திருக்கும் ஒரு முகம் போலத் தோன்றும் மலை அது. அச்சை நீட்டினால் அது சென்று தொடுவது மலையின் வடபுறச் செங்குத்துப் பாறையை. அங்கே மத்தாகாப்ராஸ் என்ற ஒதுக்கத்தில் புதிய கற்காலத்தைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் சிவப்புக் குறியீட்டு ஓவியங்கள் உள்ளன.

முகம் போன்ற மலை எவர் கண்ணையும் இழுக்கும். ஓவியத்துக்கும் அச்சுக்கும் தொடர்பே தேவையில்லை என்று வாதிடலாம். ஆனால் மலையின் நெற்றியையோ மூக்கையோ விட்டுவிட்டு, ஓவியம் இருக்கும் பாறையின் பக்கம் அச்சு செல்வது ஏன் என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. வழக்கமான ஞாயிற்றுத் திசையைக் கைவிடுவது என்பது, ஈமச்சின்னம் எழுப்பும் சமூகத்துக்குச் சிறிய முடிவு அல்ல. அந்த முடிவுக்குத் தகுதியான ஒன்று மலையில் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். வசதி என்ற விளக்கம் இங்கே முற்றாகத் தோற்கிறது. 150 டன் கல்லை வசதிக்காக யாரும் திருப்பி வைப்பதில்லை.

மெங்காவின் பிற்காலம் இதைவிடத் தெளிவானது. அதன் முன்றிலில் 2005இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட இரண்டு இடைக்காலப் புதைப்புகள், பொ.ஆ. 8 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை என்று கரிமக் காலக்கணிப்பு சொல்கிறது. அல்-அந்தலுஸில் இஸ்லாமிய ஆட்சி நடந்த காலம் அது. உடல்களைக் கிடத்திய முறை இஸ்லாமிய வழக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் அவற்றின் இருப்பு மெங்காவின் நடு அச்சைப் பின்பற்றுகிறது. அந்த ஈமச்சின்னத்தை யார் எழுப்பினார்கள் என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. மொழி வேறு, சமயம் வேறு, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இடைவெளி. ஆனாலும் தம் இறந்தவரை அந்தக் கற்களின் கோட்டில் கிடத்தினார்கள். மரபின் தொடர்ச்சி என்ற கருத்தால் இதை விளக்கவே முடியாது. இடத்துக்குத் திரும்பி வருதல் என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

6. போர்க்கூனாவின் பள்ளம்

சிற்பத்தில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது, ஏனென்றால் இங்கே திரும்பி வந்தவர்கள் உடைத்தவர்களும்கூட. ஹாயேன் மாகாணத்துப் போர்க்கூனாவில், பண்டைய ஒபுல்கோ நகருக்கு அருகில் உள்ள செர்ரில்யோ பிளாங்கோ என்ற குன்றில் 1975இல் ஒரு பள்ளம் வெளிப்பட்டது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்பத் துண்டுகள். ஹுவான் கொன்ஸாலெஸ் நவாரெத்தே தலைமையில் தொடங்கிய அகழாய்வும், துண்டுகளைப் பொருத்திய நீண்ட உழைப்பும் பொ.ஆ.மு. 5ஆம் நூற்றாண்டின் ஐபீரியச் சிற்பத் தொகுதி ஒன்றை மீட்டெடுத்தன. குதிரையிலிருந்து இறங்கி நிற்கும் வீரன், கீழே விழுந்த பகைவன் மீது ஈட்டி பாய்ச்சுகிறான். ஈட்டி வாயில் புகுந்து முதுகில் வெளிவருகிறது. வேறொருவன் கிரிஃபின் என்னும் கழுகுத்தலை விலங்கோடு வெறுங்கையால் மல்லுக்கு நிற்கிறான். மார்பில் வட்டத் தகடு, இடையில் அகன்ற கச்சை, கையில் வளை என ஒவ்வொரு வாரும் முடிச்சும் கல்லில் எண்ணும்படி தெளிவாக இருக்கின்றன. மென்மையான மணற்சுண்ணக் கல்லில் இவ்வளவு கூர்மை இன்றும் மீந்திருப்பது, சிலைகள் வெயிலிலும் மழையிலும் நீண்ட காலம் நிற்கவில்லை என்பதைக் காட்டுகிறது. எழுப்பிய சில பத்தாண்டுகளிலேயே அவை வீழ்த்தப்பட்டன. தலைகள் துண்டிக்கப்பட்டன, முகங்கள் சிதைக்கப்பட்டன.

உடைத்தவர் யார் என்பதில் கருத்துகள் பல. அண்டை நகரத்தின் பகை, ஆளும் குலத்துக்கு எதிரான உள்ளூர் எழுச்சி, கார்த்தேஜியரின் தலையீடு என்பன முக்கியமானவை. இதே காலத்திலும் இதற்குப் பின்னும் ஐபீரியச் சிற்பங்கள் பல ஊர்களில் உடைக்கப்பட்டன என்பதால் ஒரே படையெடுப்பைக் காரணம் காட்டுவது பொருந்தாது. ஒரு குலத்தின் முன்னோர் பெருமையை அழிக்கும் உள்ளூர் அரசியல்தான் நம்பத்தகுந்தது. ஆனால் என் கேள்வி அதற்கு அடுத்தது. உடைத்த பின் நடந்தது என்ன? துண்டுகள் பொறுக்கப்பட்டன, வெட்டிய பள்ளத்தில் வைக்கப்பட்டன, மேலே கற்பலகைகள் பரப்பி மூடப்பட்டன. பள்ளம் வெட்டிய இடமோ பொ.ஆ.மு. 7ஆம் நூற்றாண்டின் ஈமக்காடு. தனித்தனிக் கல்லறைகள் இருபத்துநான்கும், பெருங்கற்களால் ஆன ஒரு கல்லறையும் கொண்ட பழைய மண்மேடு அது. அங்கே கிடந்தவர்கள் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன் இறந்தவர்கள்.

அது வெறும் குப்பைக் குழி என்று வாதிட முடியுமா? இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல எடுத்துக்காட்டு செவில்யா மாகாணத்து ஒசூனாவில் இருக்கிறது. 1903இல் ஆர்தர் எங்கெலும் பியேர் பாரீஸும் அங்கே அகழ்ந்தபோது ஐபீரியப் புடைப்புச் சிற்பங்கள் ஒரு கோட்டைச் சுவருக்குள் கிடைத்தன. பொ.ஆ.மு. 45இல் சீசரின் படைக்கு எதிராக அவசரமாக எழுப்பிய சுவராக அது கருதப்படுகிறது. கைக்குக் கிடைத்த கல்லெல்லாம் உள்ளே போயிற்று. குழலூதும் பெண்ணும் வாளேந்திய வீரரும் வெறும் கட்டுமானக் கல்லானார்கள். அங்கே வசதி என்ற விளக்கம் முழுமையாகப் போதும். போர்க்கூனாவில் போதாது. மென்கல் துண்டுகள் கட்டடத்துக்கு உதவும், சுண்ணாம்பு சுடவும் உதவும். அவற்றை யாரும் அப்படிப் பயன்படுத்தவில்லை. முன்னோரின் சிலைகளை, முன்னோரின் முன்னோர் கிடக்கும் மண்ணில், இறந்தவருக்குச் செய்வது போலவே புதைத்தார்கள். உடைத்தவர்களே புதைத்தார்களா, தோற்றவர்கள் இரவோடிரவாகச் சேகரித்தார்களா என்று தெரியாது. யார் செய்திருந்தாலும் அந்தக் குன்று என்ன குன்று என்று அறிந்தே செய்தார்கள். இரு நூற்றாண்டு என்பது மெங்காவின் இடைவெளியைப் போன்றதல்ல. இங்கே நினைவும் உயிரோடு இருந்திருக்கலாம். மரபு என்ற சொல்லை இந்தக் கட்டுரை தயக்கமின்றி ஏற்கக்கூடிய ஓரிடம் இதுதான்; அந்த மரபு நம் கண்ணில் படுவது அது முறிந்த கணத்தில்.

பாஸாவின் சீமாட்டியை இந்த வரிசையில் சேர்ப்பது வழக்கம். 1971 ஜூலையில் பிரான்சிஸ்கோ பிரெஸேதோ 155ஆம் எண் கல்லறையில் கண்டெடுத்த, பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டு வண்ணச் சிலை அது. அரியணையின் பக்கவாட்டுக் குழியில் எரித்த எலும்புகள் இருந்தன. ஒரு பெண்ணுடையவை என்று ஆய்வு சொல்கிறது. சிலையின் கையில் நீலநிறப் பறவைக்குஞ்சு, காலடியில் போர்க்கருவிகள். வியப்பான படைப்பு. ஆனால் அது முந்தியதொரு தடத்துக்குத் திரும்பியதற்கான சான்று எதுவும் இல்லை. தன் காலத்து ஈமக்காட்டில் தன் காலத்தவருக்காகச் செய்யப்பட்டது. வரிசையை நிரப்புவதற்காக அதை இழுத்து வருவது அதற்கும் நீதி செய்யாது.

7. இந்தாலோவும் பிக்காஸோவும்

கதையின் நவீன முனையில் இரண்டு பெயர்கள் நிற்கின்றன. லெத்ரேரோஸ் ஓவியங்களை 1868இல் மனுவேல் தெ கோங்கோரா தம் நூலில் உலகுக்கு அறிவித்தார். அங்குள்ள உருவங்களில் ஒன்று, விரித்த கைகளுக்கு மேலே வில் போன்ற வளைவு கொண்ட மனித உருவம். இன்று இந்தாலோ என்ற பெயரில் அது அல்மெரியா மாகாணத்தின் சின்னம். மொஹாக்கர் ஊரில் இதைப் போன்ற ஓர் உருவத்தை இடியிலிருந்தும் கண்ணேறிலிருந்தும் காப்பதற்காக வீட்டுச் சுவரில் செங்காவியால் வரையும் வழக்கம் இருந்தது. அதை வைத்து, கற்காலம் தொட்டு அறுபடாமல் வந்த நம்பிக்கை என்று சொல்கிறார்கள். இடைப்பட்ட ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இந்த வழக்கத்தைக் காட்டும் ஒரு கண்ணிகூட முன்வைக்கப்படவில்லை. ஆதாரத்தோடு நமக்குத் தெரிவது, 1940களில் ஹெஸூஸ் தெ பெர்ஸெவால் தலைமையில் அல்மெரியா ஓவியர்கள் அந்த உருவத்தைத் தம் இயக்கத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதே. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய வறுமையில், தங்களுக்கென ஒரு முகம் தேடியவர்கள் பாறைக்குத் திரும்பினார்கள். இது மதிக்கத்தக்க செயல். அதற்கு மதிப்புச் சேர்க்கக் கற்பனைச் சங்கிலி தேவையில்லை.

பிக்காஸோவின் விஷயத்தில் சான்று இன்னும் தெளிவு. 1881இல் மாலகாவில் பிறந்த அவர் பத்து வயதில் குடும்பத்தோடு வடக்கே போய்விட்டார். லா பிலேத்தா வெளிப்பட்டது 1905இல். அர்தாலெஸின் ஓவியங்கள் அறியப்பட்டது 1918இல். பிறந்த மண்ணின் குகைகள் அவர் கையைப் பழக்கியிருக்க வழியில்லை. ஐபீரியச் சிற்பம் அவரைத் தொட்டது உண்மை, ஆனால் தொட்ட இடம் பாரிஸ். ஒசூனாவின் புடைப்புச் சிற்பங்கள் லூவ்ருக்குப் போய் அங்கே காட்சிக்கு வந்தபோது, 1906 அளவில், அவர் அவற்றைக் கண்டார். 1907இல் ஜெரி பியெரே என்பவர் லூவ்ரிலிருந்து திருடி அவரிடம் சேர்ப்பித்த இரண்டு கல் தலைகளும் அந்தலூசியாவைச் சேர்ந்தவை அல்ல; அல்பஸெத்தே மாகாணத்துச் செர்ரோ தெ லோஸ் சாந்தோஸில் கிடைத்தவை. அவருடைய ஓவியங்களில் அப்போது தோன்றிய அகன்ற கண்களுக்கும் கனத்த காதுகளுக்கும் வழிவகுத்தது ஓர் அருங்காட்சியகம். பிறந்த ஊரின் இரத்தம் அல்ல.

இதிலிருந்து ஒரு நடைமுறைக் கேள்வி எழுகிறது. ஒசூனாவின் கற்கள் 1941இல் பிரான்ஸோடு நடந்த பரிமாற்றத்தில் ஸ்பெயினுக்குத் திரும்பின; ஆனால் ஒசூனாவுக்குத் திரும்பவில்லை. பாஸாவின் சீமாட்டியைப் போலவே அவையும் மத்ரித் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அறுபடாத மரபு என்ற கதையை நம்புகிறவருக்கு இது பெரிய இழப்பு அல்ல. மரபு மக்களின் உள்ளத்தில் இருப்பதாக அவர் கருதுவார், கல் எங்கே இருந்தால் என்ன? இந்தக் கட்டுரையின் வாதம் சரியென்றால் நிலைமை வேறு. இந்த நிலத்தில் காலங்களை இணைத்தது குன்றும் குகையும் ஈமக்காடும்தான் என்றால், கல்லை அதன் குன்றிலிருந்து எடுக்கும்போது அந்த இணைப்பும் கூடவே அறுகிறது. பாதுகாப்பு, வெப்பநிலைக் கட்டுப்பாடு, ஆய்வு வசதி என்று தலைநகரத்தின் பக்கம் சொல்லக்கூடியவை உண்டு. வண்ணம் மிஞ்சியிருக்கும் பாஸா சிலைக்கு அவை புறக்கணிக்கக்கூடியவையும் அல்ல. ஆனால் போர்க்கூனாவின் சிற்பங்கள் ஹாயேன் நகரத்தில், தாம் கிடந்த மாகாணத்திலேயே பேணப்படுகின்றன. ஒசூனாவின் கற்கள் அப்படி இருக்க முடியாது என்பதற்கு இதுவரை சொல்லப்பட்ட காரணங்கள் கல்லின் நலனைவிட உடைமையின் வரலாற்றையே அதிகம் சார்ந்திருக்கின்றன.